லாங்காட்டின் தலைமாட்டில் ஓர் இரவு

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கேரித் தீவுக்குப் போகும் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே லாங்காட் ஆறு. ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்லலாம். உண்மையில் கடல் ஏறும்போது உள்ளே வருகிறது, இறங்கும்போது வெளியே போகிறது. நிறம் சேறு. மிதப்பவை போத்தல்களும் மெகிப் பொட்டலங்களும். இதே தண்ணீர் கிளம்பும் இடத்தில், தித்திவாங்சா மலையடிவாரத்து உலு லாங்காட்டில், கூழாங்கல் தெரியும்படி ஓடுகிறது. ஆற்றுக்கு அது தலைமாடு என்றால் நாம் குடியிருப்பது கால்மாட்டில்.

பள்ளி விடுமுறை வந்தால் நம் ஊர்க் குடும்பங்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போவதும் பெரும்பாலும் அந்தத் தலைமாட்டுக்குத்தான். சுங்கை சொங்காக், சுங்கை தெக்காலா போன்ற அரசாங்கப் பொழுதுபோக்குக் காடுகள். வனத்துறை இவற்றை முன்பு ‘ஹுத்தான் லிப்பூர்’ என்றது, இப்போது ‘தாமான் ஏக்கோ ரிம்பா’ என்கிறது. பெயர்தான் நீண்டது, வசதி அவ்வளவு நீளவில்லை. ஒரு கௌண்டர், குந்தும் கழிப்பறை, நாலைந்து வாக்காஃப் குடில்கள், குப்பைத் தொட்டி. அதற்கு மேல் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. காடு நம் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி உலு லாங்காட் போவானேன்?

கோல லாங்காட் வடக்குப் பாதுகாக்கப்பட்ட வனம் நமக்கு அண்டை வீடு மாதிரி. ஆனால் அதன் தரை காம்புட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் தண்ணீருக்குள் முழுதாக மக்காமல் மீட்டர் கணக்கில் குவிந்து கிடக்கும் மண் அது. அங்கே தேங்கும் நீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில், அமிலத் தன்மையோடு இருக்கும். அந்த நீரிலும் வாழக் கற்றுக்கொண்ட ‘பெட்டா லிவிடா’ என்ற சிறு சண்டை மீனுக்கு உலகத்திலேயே வீடு வடக்குச் சிலாங்கூரையும் கோல லாங்காட்டையும் ஒட்டிய இந்தச் சதுப்புகள்தான். கூடாரம் அடிக்க மட்டும் அது இடமில்லை. ஆணி நிற்காது, படுத்தால் முதுகு நனையும். எல்லாவற்றையும்விட நெருப்பு ஆபத்து. காய்ந்த காம்புட் மண்ணில் அடுப்பு மூட்டினால், மேலே அணைத்துவிட்டுப் போன பிறகும் அடியில் புகைந்துகொண்டே நகரும். ஜோஹான் செத்தியாப் பக்கம் வறண்ட மாதங்களில் கிளம்பும் புகை கிள்ளான்காரர்களுக்குப் பழக்கமானது. அந்தத் தீயை அணைக்கப் போகும் பொம்பாக்காரர்கள் நாள் கணக்கில் மண்ணுக்குத் தண்ணீர் குடிப்பாட்டுவது இதனால்தான்.

அந்த வனமே நம் கையை விட்டுப் போகப் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1927-இல் வனமாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 7,200 ஹெக்டர். தோட்டமும் வீடமைப்பும் கடித்துக் கடித்து, 2020-இல் மிஞ்சியது சுமார் 957. அதிலும் 97 விழுக்காட்டை வனப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் அந்த ஆண்டு பிப்ரவரியில் பொது அறிவிப்பாக வந்தது. அங்கே தலைமுறைகளாக வாழும் தெமுவான் பூர்வக்குடியினரும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். ஆனாலும் 536 ஹெக்டர் நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2021 ஆகஸ்டு இறுதியில் சட்டமன்றத்தில் வெளியானது. எழுந்த சத்தத்தில், செப்டம்பர் தொடக்கத்திலேயே மந்திரி பெசார் அந்த முடிவை மீட்டுக்கொண்டார். வனத்தில் படுக்க முடியாவிட்டாலும் வனம் இருப்பது நமக்கு லாபம். அது நனைந்திருக்கும் வரை புகை குறைவு.

சரி, உலு லாங்காட்டுக்கு வருவோம்.

அரசாங்கக் காட்டில் கால் வைப்பதற்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி மூடப்பட்ட வனப்பகுதிக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏக்கோ ரிம்பா என்பது அந்த வனத்துக்குள் பொதுமக்களுக்காகத் திறந்துவிட்ட ஒரு முற்றம். முற்றத்தில் சில ரிங்கிட் கட்டிவிட்டு உட்காரலாம், கூடாரம் போடலாம். வேலியைத் தாண்டி மேலே இருக்கும் அருவிக்கு ஏறினால் நீங்கள் வேறொரு சட்டத்துக்குள் போய்விடுகிறீர்கள். இரவு தங்க முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மழைக்கும் பழுதுபார்ப்புக்கும் திடீரென மூடிவிடுவதும் உண்டு என்பதால், ஐஸ் பெட்டியை நிரப்புவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒரு போன் அடித்துவிடுங்கள்.

கௌண்டரில் பெயர், அடையாள அட்டை எண், கார் எண், எத்தனை பேர் என்று எழுதச் சொல்வார்கள். “ஒரு ராத்திரிக்கு இவ்வளவு கேள்வியா?” என்று முணுமுணுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் முணுமுணுத்திருக்கிறேன். 2022 டிசம்பர் 16-க்குப் பிறகு நிறுத்திவிட்டேன். அன்று விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன், பத்தாங் காலி பக்கம் கெந்திங் போகும் சாலையோர இயற்கைப் பண்ணை ஒன்றில் மலைச்சரிவு இறங்கிக் கூடாரங்களை மூடியது. உள்ளே இருந்தவர்கள் 94 பேர் என்று முதலில் சொல்லி, பிறகு 92 என்று திருத்தினார்கள். 61 பேர் பிழைத்தார்கள், 31 பேர் இறந்தார்கள். மண்ணைத் தோண்டுகிறவனுக்கு இன்னும் எத்தனை பேர் என்ற கணக்குதான் முதல் கருவி. தேடல் ஒன்பதாம் நாள் முடிந்ததும் அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான். அந்த இடத்தை நடத்தியவர்களிடம் பண்ணைக்கு உரிமம் இருந்தது, முகாமுக்கு இல்லை என்று அமைச்சர் அறிவித்தார். ஆறு, அருவி, மலைச்சரிவு ஓரத்து முகாம்கள் ஒரு வாரத்துக்கு மூடப்பட்டன.

அதனால் வசதியைப் பற்றி என் கணக்கு கொஞ்சம் மாறிவிட்டது. தனியார் முகாமில் விளக்குச் சரம் தொங்கும், சுடுநீர்க் குளியலறை இருக்கும். அதற்கு முகாம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். அரசாங்க முற்றத்தில் பிளக் இல்லை, ஆனால் நீங்கள் உள்ளே இருப்பது ஒருவருக்குத் தெரியும். தலைக்கு மேலே வெட்டிய சரிவு இருக்கிறதா, காய்ந்த கிளை தொங்குகிறதா என்று பார்ப்பது மட்டும் எங்கே போனாலும் நம் வேலை. பால்மரக் காட்டில் வேலை செய்த நம் தாத்தாக்கள் பட்ட மரத்தடியில் சோற்றுத் தூக்கைக்கூட வைக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆறு. தண்ணீர்ச் சத்தம் கேட்டபடி தூங்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. ஆனால் ஆற்றோரத்தில் ஓர் ஆபத்து உண்டு. மலாயில் அதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள், தண்ணீரின் தலை. மலைமேல் பெய்த மழை, சாய்ந்த மரமும் சருகும் அடைத்த இடத்தில் தேங்கி, அடைப்பு உடைந்ததும் ஒரே சுவராக இறங்குவது அது. கீழே குளிப்பவர் தலைக்கு மேல் வெயில்கூட அடிக்கலாம். 2021 ஆகஸ்டு 18-இல் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் பகுதியில் உயிர்களைப் பறித்தது. தெளிந்த நீர் சட்டென்று கலங்கினால், குச்சியும் இலையும் கும்பலாக வந்தால், மேலே லோரி வருவது போல இரைந்தால், செருப்பைத் தேடக் கூடாது. கரையேறிவிட்டு மற்றதைப் பார்க்கலாம். கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போது கரைப் புதர்களில் சிக்கியிருக்கும் பழைய குப்பையைப் பாருங்கள். போன வெள்ளம் ஏறிய உயரம் அது. அதற்கு மேலே போங்கள்.

மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாடம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சுமத்திராவிலிருந்து கடல் தாண்டி வரும் புயல்வரிசை விடியலுக்கு முன்தான் அடிக்கும். இரவு நட்சத்திரம் தெரிந்தது என்று மேல்விரிப்பைக் கட்டாமல் படுத்தவர்கள் ஐந்து மணிக்குக் காருக்குள் உட்கார்ந்திருப்பார்கள். மழைக்கு ஒதுங்கும்போது கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுக்காதீர்கள். கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் போல வந்து ஆளைக் கொண்டுபோய்விடும்.

கழிப்பறையைக் குறை சொல்வதற்கு முன் சாப்பாட்டு மிச்சத்தை என்ன செய்தோம் என்று பார்க்க வேண்டும். பகலில் குரங்கு பறிக்கும், அது வேடிக்கை. இரவில் எலி வரும், அது வேடிக்கை இல்லை. எலியின் சிறுநீர் வழியே நீரிலும் சேற்றிலும் கலந்த கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியே உடம்புக்குள் போவதால் வருவதுதான் எலிக்காய்ச்சல். 2010-இல் பகாங் மாரானில் லூபோக் யூ பொழுதுபோக்குப் பகுதியில், மூழ்கிய ஒருவரைத் தேட இறங்கியவர்களிடையே நோய் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். எலிக்காய்ச்சலோடு, மண்ணில் வாழும் வேறொரு கிருமி தரும் மெலியோய்டோசிஸும் அங்கே சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு இறுதியில் எலிக்காய்ச்சலைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டிலிருந்து வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால், கிளினிக்கில் “ஆற்றில் குளித்தேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் டாக்டர் டிங்கியைத்தான் நினைப்பார்.

பாத்திரத்தை ஆற்றில் சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்கள் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். லாங்காட் நீர் சுத்திகரிக்கப்பட்டுச் சிலாங்கூரின் குழாய்களில் வருகிறது. மிச்சம் காஜாங், டெங்கில், பந்திங் என்று சுற்றி நம் பாலத்தடிக்கு வருகிறது. வாளியில் மொண்டு, கரையிலிருந்து தள்ளிப் போய்க் கழுவி மண்ணில் ஊற்றினால் போதும். குப்பைத் தொட்டி இருந்தாலும் நம்பாதீர்கள். குரங்குகளுக்கு மூடி திறக்கத் தெரியும்.

ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொன்னால் என்னைக் கிழவன் என்பார்கள். பரவாயில்லை. ஜெனரேட்டரும் கரோக்கேயும் இல்லாத இரவில் பத்து மணிக்கு மேல் தவளைகள் தொடங்கி, பிறகு ஆறு மட்டும் கேட்கும். நம் ஊரில் தொழிற்சாலை லோரிகள் ஓயாத சாலையோரம் குடியிருப்பவனுக்கு அது ஒன்றுக்காகவே பெட்ரோல் செலவு தகும்.

காலையில் கிளம்பும்போது கௌண்டரில் நின்று, எழுதிய பெயரை அடிக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். அடிக்காமல் போனால், சாயங்காலம் யாராவது ஒருவர் டார்ச் விளக்கோடு உங்களைத் தேடி ஆற்றோரம் நடக்க வேண்டியிருக்கும்.