மூட்டை மறைக்கும் விளக்கு

நம் சங்க அங்கத்தினர்களின் உழைப்பு, பொழுது புலர்வதற்கு முன் தொடங்கிப் பொழுது சாய்ந்த பின்னரே முடிவடைகிறது. நெய்த சேலைகளை ஒப்படைத்து, நூலும் பாவும் பெற்றுக்கொண்டு நெசவாளர் வீடு திரும்புகையில் இருட்டிவிடுகிறது. உழவர் சந்தைகள் 1999-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நாள்முதல், காய்கறி பயிரிடுவோர் பலர் கோழி கூவுமுன்பே கூடையுடன் புறப்படுகின்றனர். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் இவர்களில் பலருக்குத் துணை மிதிவண்டியே. இருளில் அதனால் நேரக்கூடிய அபாயத்தையும், அதைத் தவிர்க்கும் எளிய வழிகளையும் இங்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

“முப்பது ஆண்டுகளாகப் போய் வரும் பாதை, கண்ணை மூடிக்கொண்டும் செல்வேன், விளக்கு எதற்கு?” என்று கேட்கும் அங்கத்தினர் உண்டு. அவருக்கு வழி தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆயின் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அவரைத் தெரிய வேண்டுமல்லவா? நாம் பாதையைக் காண்பதற்கு மட்டும் விளக்கு என்று எண்ணுவதே இத்தவறுக்கு மூலம்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரில் ஏதோ இருப்பதைக் கண்டு, இன்னதென உணர்ந்து, ஓட்டுநர் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை விநாடியேனும் ஆகும். அதற்குள் 25 மீட்டர் கழிந்துவிடும். பிறகு வண்டி நிற்பதற்கு அதே அளவோ, பாரம் மிகுந்திருப்பின் இன்னும் அதிகமோ வேண்டும். ஆக, 50 மீட்டருக்கு அப்பாலேயே நாம் அவர் கண்ணிற் பட்டாக வேண்டும். கறுப்பு அல்லது கருநீல உடை அணிந்தவரோ, தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில் சுமார் 30 மீட்டருக்குள் வந்த பின்னரே தெரிகிறார். எதிர்ப்புறத்து வண்டியின் ஒளியால் ஓட்டுநரின் கண் கூசியிருப்பின் அந்தத் தூரமும் குறையும்.

புதிய மிதிவண்டிகளின் பின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் ஒன்று பெரும்பாலும் பொருத்தப்பட்டே வருகிறது. அது தானாக ஒளிர்வதில்லை. தன்மேல் விழும் ஒளியை, அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. இரவில் பூனையின் கண் மின்னுவதும் ஏறத்தாழ இவ்வாறே. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934-இல் சாலை நடுவே பதிக்கும் ஒளிக்கண்களுக்குக் காப்புரிமை பெற்றபோது, அவற்றிற்குப் பூனைக்கண் என்றே பெயர் வழங்கலாயிற்று.

இத்தகைய நல்ல சாதனம் இருந்தும் நமக்குப் பயன்படாமற் போவதற்குக் காரணம் நம் மூட்டைதான். கேரியரில் சேலைக் கட்டையோ கீரைக் கூடையையோ வைத்தவுடன், அதன் ஓரம் தொங்கி ரிப்ளெக்டரை மறைத்துவிடுகிறது. இருக்கைக்கு அடியில் சிவப்பு விளக்குப் பொருத்தியிருந்தால் அதுவும் மறைகிறது. அங்கத்தினர் அணிந்துள்ள வெள்ளை வேட்டியும் மூட்டைக்கு முன்னால் மறைந்து போகிறது. எனவே பாரம் ஏற்றிச் செல்வோர், பின்விளக்கையும் ரிப்ளெக்டரையும் பாரத்தின் பின்புறத்திலேயே கட்டிக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி எளிது. லாரிகளின் பின்புறம் ஒட்டப்படும் ஒளிதிருப்பும் பட்டை, வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது. துணியில் தைக்கத்தக்க பட்டையும் உண்டு. நான்கு விரல் அகலமுள்ள கெட்டித் துணியில் அதைத் தைத்து, மூட்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். சேலைமீது நேராக ஒட்டலாகாது, பசை கறைபடுத்தும். பட்டையில் ஒரு துண்டைக் கணுக்காலிலும் கட்டிக்கொள்வது நலம். மிதிக்கும்போது அது மேலும் கீழும் அசைவதைக் கண்டு, முன்னே செல்வது மிதிவண்டிதான் என்பதை ஓட்டுநர் விரைவில் அறிந்துகொள்வார்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். பகலில் பளிச்சிடும் மஞ்சள், பச்சைச் சட்டைகள், ஒளிதிருப்பும் பட்டை இல்லாவிடில் இரவில் அந்தப் பளபளப்பைக் காட்டமாட்டா. சூரிய ஒளியாலேயே அவை அவ்வாறு ஒளிர்கின்றன. டைனமோ விளக்கு மிகச் சிறந்ததாயினும், சாதாரண டைனமோ விளக்கு சக்கரம் நின்றவுடன் அணைந்துவிடும். வலப்புறம் திரும்புவதற்காகச் சாலையில் நிற்கும் அந்த வேளையே அபாயம் மிக்கது. ஆதலால் பின்புறத்திற்குச் செல்லில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று வேண்டும். முன்விளக்கு வெள்ளையாகவும், எதிரில் வருவோர் கண் கூசாதபடி சற்றே தாழ்ந்தும் இருத்தல் வேண்டும். புழுதி படிந்த ரிப்ளெக்டரை ஈரத்துணியால் துடைக்க மறக்கலாகாது.

இன்றிரவே அங்கத்தினர்கள் ஒரு சோதனை செய்து பார்க்குமாறு வேண்டுகிறோம். வழக்கம்போல் மூட்டையைக் கட்டிய மிதிவண்டியை இருட்டில் நிறுத்துங்கள். ஐம்பது தப்படி பின்னால் சென்று, கைவிளக்கைக் கண்ணுக்கு அருகே பிடித்து அதன்மேல் ஒளி பாய்ச்சுங்கள். மின்னுவது எது, மறைந்திருப்பது எது என்பது உடனே விளங்கிவிடும். ஒன்றும் மின்னாவிடில், பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அவ்வாறே என்று அறிக.

விளக்கின்றிச் சென்றதற்காக அபராதம் செலுத்திய கதையை நம் பெரியோர் நகைச்சுவையாகக் கூறக் கேட்டிருக்கிறோம். இன்று வண்டிகளின் வேகம் பெருகிவிட்டது. தவறினால் செலுத்த நேர்வதும் பணமாக மட்டும் இராது. சம்பாதிப்பவர் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால், அந்த வீட்டில் தறியும் ஓடாது, ஏரும் நடவாது. பட்டையையும் பின்விளக்கையும் தனித்தனியே வாங்குவதைவிடச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வது சிக்கனமாகும். அடுத்த மாதக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவினர் இதனை எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம். வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்போரிடம் நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் நலமே சென்று சேரவேண்டும் என்பதே நம் அவா.