நியூட்ரினோ வந்தது, காமா கதிர் எங்கே? ஒரு திருத்தம்

இன்னைக்கு ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கிறேன். காஸ்மிக் கதிர்கள் பற்றிப் பேசினப்போ, "அது எங்கேருந்து வருதுன்னு 2017-லயே கண்டுபிடிச்சாச்சு"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். ஒரு நேயர், "அப்போ 2022-ல வந்த முடிவு என்ன சார்?"னு கேட்டு எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம். நான்தான் அவசரப்பட்டுட்டேன்.

முதல்ல சிக்கல் என்னன்னு பார்ப்போம். 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிப் போய், உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடுவதைக் கண்டார். விண்வெளியிலிருந்து வரும் இந்தக் கதிர்களில் பெரும்பகுதி புரோட்டான்கள். புரோட்டானுக்கு மின்னூட்டம் இருக்கு. அதனால் வழியில் உள்ள காந்தப் புலமெல்லாம் அதை வளைச்சு விட்டுடும். நம்மகிட்ட வந்து சேரும் திசையை வெச்சு, புறப்பட்ட இடத்தைச் சொல்ல முடியாது. அனுப்புநர் முகவரி அழிஞ்சுபோன தபால் மாதிரி.

அதனால் வேறு சாட்சி தேட வேண்டியிருக்கு. வேகமெடுத்த புரோட்டான் அங்கேயே இன்னொரு புரோட்டான் மேலயோ ஒளித்துகள் மேலயோ மோதினால், பையான் என்ற துகள்கள் உண்டாகும். மின்னூட்டமில்லாத பையான் உடனே இரண்டு காமா கதிர்களாகச் சிதையும். மின்னூட்டமுள்ள பையான் சிதைஞ்சா நியூட்ரினோக்கள் வரும். இரண்டும் கூடப்பிறந்தவங்கதான். ஆனால் காமா கதிரை வெறும் எலக்ட்ரான்களும் உண்டாக்கிவிடும். நியூட்ரினோ அப்படியில்லை. இவ்வளவு ஆற்றலோட நியூட்ரினோ வருதுன்னா, அங்கே புரோட்டானோ அணுக்கருவோ வேகமெடுத்திருக்குன்னு அர்த்தம். அதான் அதுக்கு இவ்வளவு மவுசு.

அதைப் பிடிக்கத் தென் துருவப் பனிக்கடியில் ஐஸ்கியூப் இருக்கு. 1,450 மீட்டரிலிருந்து 2,450 மீட்டர் ஆழம் வரை, 86 கேபிள்களில் 5,160 ஒளியுணர்விகள். ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டியே கருவி! எப்போதாவது ஒரு நியூட்ரினோ மோதி மியூவானை உண்டாக்கினால், அது பனிக்குள் நீல ஒளியைச் சிந்திக்கிட்டே ஓடும். அந்தக் கோட்டைப் பிடிச்சுத் திசையைக் கணக்கிடுவாங்க.

2017 செப்டம்பர் 22 அன்று அப்படி ஒண்ணு சிக்கியது. ஆற்றல் சுமார் 290 டெரா எலக்ட்ரான்வோல்ட். செர்ன் முடுக்கியில் ஒரு புரோட்டானுக்குக் கிடைப்பதைப்போல 40 மடங்குக்கும் மேல். 43 நொடியில் உலகத் தொலைநோக்கிகளுக்கெல்லாம் தகவல் போச்சு. அந்தத் திசையில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார், அதாவது தன் கருந்துளைத் தாரையை நம்மை நோக்கி நீட்டியிருக்கும் ஒரு விண்மீன் மண்டலம், காமா கதிரில் பிரகாசமாகிக்கிட்டு இருந்ததை ஃபெர்மி செயற்கைக்கோள் காட்டியது. தூரம் சுமார் 400 கோடி ஒளியாண்டு. லா பால்மா தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகளும் அதைப் பார்த்தன.

இதை நம்பித்தான் நான் "கண்டுபிடிச்சாச்சு"ன்னு சொன்னேன். ஆனால் இந்தப் பொருத்தம் 3 சிக்மா அளவுதான். துகள் இயற்பியலில் கண்டுபிடிப்புன்னு சொல்ல 5 சிக்மா கேட்பாங்க. இன்னொரு முள்ளும் இருக்கு. பழைய தரவைப் புரட்டினா, அதே திசையில் 2014 கடைசியிலிருந்து 2015 தொடக்கம் வரை சுமார் 13 நியூட்ரினோக்கள் கூடுதலா வந்திருக்கு. அந்தச் சமயத்தில் காமா கதிர் பிரகாசமாகவே இல்லை.

2022-ல் கதை இன்னும் திரும்பியது. வெறும் 4.7 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள என்ஜிசி 1068-இன் திசையில், பின்னணியைவிடச் சுமார் 80 நியூட்ரினோக்கள் கூடுதல், 4.2 சிக்மா. மேஜிக் இதை ஏற்கெனவே 125 மணி நேரம் பார்த்திருக்கு. உயர் ஆற்றல் காமா கதிர் ஒண்ணும் தட்டுப்படலை.

கூடப்பிறந்தது எங்கே போச்சு? பெரும்பாலானவர்கள் சொல்லும் விளக்கம் இது: கருந்துளையை ஒட்டிய சூடான வாயுப் பகுதியில் எக்ஸ் கதிர்கள் நெருக்கியடிச்சு நிக்குது. காமா கதிர் அதில் மோதி எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக மாறி, ஆற்றல் சிதறிப் போயிடுது. நியூட்ரினோ எதையும் சட்டை பண்ணாம வெளியே வந்துடுது. இது சரின்னா, காமா கதிர் பிரகாசமா வரும் இடத்தில் மட்டும் நியூட்ரினோவைத் தேடுவது போதாது. எக்ஸ் கதிரையும் வழிகாட்டியா வெச்சுக்கணும்னு எனக்குத் தோணுது.

ஆக, நான் சொல்லியிருக்க வேண்டியது: வலுவான சந்தேகத்துக்குரியவை இரண்டு கிடைச்சிருக்கு, இரண்டும் ஒரே மாதிரி நடந்துக்கலை. அந்தப் பழைய எபிசோடின் எழுத்து வடிவத்தில் வரியை மாத்திட்டேன். ஆடியோவை அப்படியே விட்டிருக்கேன்.