செங்கல் ஊரில் தினமும் ஓட்ட ஒரு ஜீப்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ விட்டுச் செங்கல் பக்கம் இறங்கினால் வழி சுருங்கிவிடும். இருபுறமும் கையாலை எனப்படும் எல்லைச் சுவர், ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) திரும்பினால் செம்மண் ஏற்றம். எடவப்பாதி மழையிலும் துலா மழையிலும் அந்த ஏற்றம் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். இங்கே ஒருவர் மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ வாங்க நினைப்பது வெறும் பகட்டல்ல. ஆனால் தினமும் ஓட்டுவதென்றால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நான்கு சக்கர இயக்கம் எப்போதும் போட்டு ஓட்டுவதற்கானதல்ல. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் ஓடும். 4எச் (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர நிலை) போட்டதும் முன், பின் ஆக்சில்களுக்குப் போகும் தண்டுகள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. சேற்றில் சக்கரம் சற்றுச் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் சறுக்க வழியில்லை. அந்த இறுக்கமெல்லாம் கியர் பற்களில் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், திரும்பும்போது வண்டி முரண்டு பிடிக்கும். ஆகவே ரோட்டில் 2எச் (இரு சக்கர இயக்கம்) மட்டும்.

இந்த வண்டியின் உண்மையான மதிப்பு 4எல்-இல், அதாவது குறைந்த வேகத்துக்கான நான்கு சக்கர நிலையில் இருக்கிறது. விளையிலிருந்து இறங்கும்போது வண்டியை நிறுத்தி 4எல்-க்கு மாற்றி, முதல் கியரில் விடுங்கள். என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரச் செம்மண்ணில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் வண்டி கையாலையை நோக்கிச் சறுக்கும். 2023 முதல் தார் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வடிவிலும் விற்கப்படுகிறது; அதில் 4எல் கிடையாது. வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சானல் கரை வழியில் எதிரே ஆட்டோ வந்தால் குதிரைத்திறன் உதவாது, அகலம்தான் பேசும். ஜிம்னி 1,645 மி.மீ., 2020-இல் வந்த தார் 1,820 மி.மீ. இந்த ஊருக்கு என் ஓட்டு ஜிம்னிக்கே. அதன் ஸ்டியரிங் வளைவு முடிந்தபின் கார்போலத் தானாக வேகமாகத் திரும்பாது; கையால் திருப்பிப் பழக வேண்டும். இரண்டுமே உயரமான வண்டிகள், நெடுஞ்சாலை வளைவில் வேகம் குறையுங்கள்.

பெரிய மண் டயர் மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். இரைச்சல் கூடும், மைலேஜ் குறையும், மழை ரோட்டில் பிடிப்பும் குறையும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் நிர்ணயித்த அளவுகளை விருப்பப்படி மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான்.

வீட்டு வாசல்வரை கான்கிரீட் ரோடு இருப்பவருக்கு இந்த வண்டி தேவையில்லை. செம்மண் ஏற்றம் தாண்டித்தான் வீடு என்றால் வாங்கலாம். முன்பணம் கட்டுமுன் டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் வழிக்கே வரச் சொல்லி, அந்தக் கையாலை வளைவில் நீங்களே திருப்பிப் பாருங்கள்.