அட்டையில் ஒரு தேநீர்க்கடை



"வளர்ந்த பிள்ளைக்குப் பொம்மை இரயில் எதற்கு?" என்று என்னைக் கேளாதார் நம் விடுதியில் இலர். ஹெப்பகோடியில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் நாலடிப் பலகை ஒன்று உண்டு. அதன் மேல் ஓடுவது இரயில். அதன் கீழே உறங்குவது நான்! இரயிலும் தண்டவாளமும் காசு கொடுத்து வாங்கியவை. ஆனால் பக்கத்தில் நிற்கும் கட்டடங்கள் யாவும் வெறும் அட்டை. அவற்றைச் செய்யும் வழியைக் கூறவே இக்கட்டுரை.

அட்டை மாளிகை புதுமையன்று. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-இல், இங்கிலாந்தில் 'மைக்ரோமாடல்ஸ்' என்னும் பெயரில் சின்னஞ்சிறு அட்டை மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. உலோகமெல்லாம் போருக்குப் போய்விட்ட காலம், அட்டை கைகொடுத்தது. இன்று இணையத்தில் இத்தகைய படத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சிட்டு வெட்டி ஒட்ட வேண்டியதுதான். ஆயினும் அவற்றுள் இருப்பவை எவை? புகைபோக்கி வைத்த ஆங்கில வீடு. கூம்புக் கூரைச் செர்மானிய விடுதி. 10-8-2025 அன்று திறக்கப்பட்ட நம் மஞ்சள் தட மெட்ரோவின் அடியில் புகைபோக்கி வீட்டை நிறுத்தினால் பார்ப்பவர் நகையாரோ?

எனவே நம் தெருவை நாமே வரைய வேண்டும். எனக்கு அதில் அவசரமும் இருந்தது. நாள்தோறும் நான் தேநீர் அருந்தும் கடை, கிருஷ்ணகிரிப் பக்கத்து அக்கா ஒருவர் நடத்துவது, சாலையோரக் கால்வாய்ப் பணிக்காக இடிபடும் என்று செய்தி வந்தது. பத்தே நாள் தவணை. கடையை என்னால் காக்க முடியாது, அளக்க முடியும்!

முதலில் அளவுவிகிதம். நான் கொண்டது எச்.ஓ. என்பது: மெய்ப்பொருளில் 87-இல் ஒரு பங்கு, அதாவது ஓர் அடிக்கு 3.5 மி.மீ. இதில் ஒரு நயமும் உண்டு. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. நம் மெட்ரோவின் 1435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் அதுவே வரும். சேலம் போகும் அகலப்பாதையோ 1676 மி.மீ.; அதற்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். ஆகவே மெட்ரோவே என் பலகைக்கு உகந்தது. ஆனால் ஆறு பெட்டியும் சேர்த்தால் ஒன்றரை மீட்டர் நீளும். மூன்றோடு மனத்தை ஆற்றிக்கொண்டேன்.

கடையின் அகலம் 10 அடி; அட்டையில் 35 மி.மீ. உயரத்தை அளக்க ஏணி வேண்டா. சிமெண்டுக் கற்களின் வரிசையை எண்ணினால் போதும். ஒரு கல் 8 அங்குல உயரம். பிறகு ஒளிப்படம். மேகம் மூடிய காலையில், சுவருக்கு நேரெதிரே நின்று எடுக்க வேண்டும். வெயிலில் எடுத்தால் நிழலும் சேர்ந்து அச்சாகிவிடும். நீலக் கதவையும், கன்னடத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் எழுதிய பலகையையும் அவ்வாறே பிடித்தேன்.

அச்சில்தான் ஏமாந்தேன். தாளுக்குள் அடங்குமாறு கணினி தானாகவே படத்தை 94 விழுக்காடாகச் சுருக்கிவிட்டது. 24.5 மி.மீ. இருக்க வேண்டிய ஏழடிக் கதவு 23 ஆயிற்று. அன்று முதல் தாளின் மூலையில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, அச்சான பின் அடிக்கோலால் அளந்த பிறகே கத்தியைத் தொடுகிறேன்.

200 கிராம் அட்டைத்தாள் போதும். மடிக்குமிடத்தில் மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அழுத்திக் கோடிட்டபின் மடியுங்கள். விளிம்பு கூர்மையாக நிற்கும். வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதே நிறப் பென்சிலால் தேயுங்கள். பசையை ஊசிமுனையளவே தொடுங்கள். ஈரம் மிகுந்தால் சுவர் வளையும். மைத்தெளிப்பு அச்சாயின் நிறமும் கரையும். உள்ளே மூலைக்கு மூலை முக்கோணத் துண்டு ஒட்டினால் சுவர் சாயாது.

தகரக் கூரைக்கு என்ன செய்வது? மூன்று இரவு சிந்தித்தேன். விடை பேன்சீப்பில் இருந்தது! சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைச் சீப்புப் பற்களின் மேல் விரித்து நகத்தால் தேய்த்தால் நெளிநெளியாய்த் தகரம் பிறக்கிறது. சற்றே பழுப்பு வண்ணம் தடவினால் துருவும் ஏறிவிடும்.

வேலை முடிவதற்குள் தவணை முடிந்துவிட்டது. அக்கா இப்போது அடுத்த தெரு முனையில் தள்ளுவண்டியில் விற்கிறார். ஒரு மாலை, தீப்பெட்டியளவு கடையை அவர் முன் வைத்தேன். கையிலெடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, ஆவி பட்டதா, அறியேன்.

"எல்லாம் சரிதான் தம்பி. பாய்லர் எங்கே?" என்றார்.

அறைக்கு வந்து பேனா ரீஃபிலில் 9 மி.மீ. நறுக்கி, வெள்ளித்தாள் சுற்றி, கடையின் இடப்பக்கம், அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலேயே ஒட்டினேன்.