தண்டனை முடிந்தும் திறக்காத கதவு

சாந்தனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 நவம்பர் 11 அன்று. அவர் இறந்தது 2024 பிப்ரவரி 28 அன்று. இடைப்பட்ட பதினைந்து மாதங்களில் பெரும்பகுதியை அவர் கழித்தது திருச்சி மத்திய சிறை வளாகத்தில், வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் சிறப்பு முகாமில்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அன்று விடுதலையான ஆறு பேரில் நளினியும் ரவிச்சந்திரனும் இந்தியர்கள், வீட்டுக்குப் போனார்கள். சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் இலங்கைக் குடிமக்கள். வேலூர், புழல் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களைப் போலீஸார் நேரே முகாமுக்கு அழைத்துச் சென்றனர். அந்தக் கொலை நடந்த ஸ்ரீபெரும்புதூரில் உயிர்களைப் பறிகொடுத்த குடும்பங்களின் கோபம் நியாயமானது. ஆனால், அந்தக் குற்றத்துக்கான தண்டனையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்துவிட்டுத்தானே இவர்கள் வந்தார்கள்?

வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அனுப்பும்வரை எத்தனை நாள் அடைத்துவைக்கலாம் என்பதே கேள்வி. பாஸ்போர்ட் இல்லாதவருக்கு இலங்கைத் துணைத் தூதரகம் பயண ஆவணம் தர வேண்டும். பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் வெளியேற அனுமதி தர வேண்டும். இரண்டு அலுவலகங்களும் சென்னை நுங்கம்பாக்கத்தில்தான் இருக்கின்றன. ஒன்று ஸ்டெர்லிங் சாலையில், மற்றொன்று சாஸ்திரி பவனில். சாந்தனுக்கான அனுமதி 2024 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்குள் கல்லீரல் கெட்டு, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் படுத்திருந்தார். யாழ்ப்பாணம் உடுப்பிட்டியில் மகனுக்காகக் காத்திருந்த வயதான தாயிடம் போய்ச் சேர்ந்தது அவருடைய உடல்தான். மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். முருகனின் மனைவி நளினி இங்கேயே தங்கிவிட்டார்.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் வந்தது. ஜெர்மனி அகதி முகாமில் லிதுவேனியப் பெற்றோருக்குப் பிறந்த சட்வைடாஸ், நிரந்தர வசிப்பு அனுமதியோடு அமெரிக்காவில் வாழ்ந்தவர். குற்றத் தண்டனைக்குப் பின் நாடு கடத்த உத்தரவானது. ஜெர்மனி, லிதுவேனியா இரண்டுமே அவரை ஏற்கவில்லை. காலவரையின்றி அடைத்துவைக்கக் கூடாது என்று 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதம் கடந்தும் அனுப்ப வழி தெரியாவிட்டால், கண்காணிப்போடு வெளியே விட வேண்டும்.

நம்மிடம் 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், 2025இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் முகாமை நடத்துவது தமிழ்நாடு அரசுதான். கைதி சிறையில் இருக்கும்போதே தூதரகத்துக்கு எழுதி ஆவணம் வாங்கிவைக்கட்டும். அது தாமதமானால், ஆறு மாதத்துக்கு மேல் யாரையும் முகாமில் அடைத்துவைக்காமல், கையெழுத்து நிபந்தனையோடு வெளியே தங்க விடட்டும். இதற்கான அரசாணையை முதலமைச்சர் பிறப்பிக்க வேண்டும்.