பச்சோந்தியின் உட்பகை

கொள்கை மாறுவோரைப் பச்சோந்தி என்று இகழ்தல் நம்மவர் வழக்கம். உண்மையில், வெயிலின் வெப்பத்தை ஏற்பதற்கும், சினத்தையும் காதலையும் தன்னினத்துக்குப் புலப்படுத்துவதற்குமே அது பெரிதும் நிறம் மாறுகின்றது. அஃது உலகுக்கு அரிதின் மறைப்பது தன் நோயையே. காட்டிலே நலிந்த உயிரையே பகை முதலிற் கவருமாதலின், நலிவை வெளிக்காட்டாமை அதற்கு இயற்கை அளித்த காப்பு. கூட்டிலே வளரும்போது அக்காப்பே அதற்குக் கேடாகின்றது.

வள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பச்சோந்தியின் உட்பகை, அதன் குடலிலும் குருதியிலும் வாழும் ஒட்டுண்ணிகளே.

மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியும், தலையில் உயர்ந்த கொண்டையுடைய யெமன் நாட்டுப் பச்சோந்தியும் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல இல்லங்களில் வளர்க்கப்படுகின்றன. காட்டிலே பச்சோந்தி கிளைவிட்டுக் கிளை செல்வது. அதன் எச்சம் நிலத்தில் வீழ்ந்து விலகிப்போகும். ஆதலின் சில புழுக்களோடு கூடியும் அது நெடுநாள் வாழும். கூட்டிலோ எச்சம் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கும். இரையாக விடப்பட்ட சுவர்க்கோழிகள் அதில் ஊர்ந்து அதனை உண்ணும். அவற்றைப் பச்சோந்தி உண்ணும். இவ்வாறு, வெளியேறிய முட்டைகள் மீண்டும் வயிறு புகுகின்றன. சிறைப்பட்ட அச்சமும் நீர்க்குறையும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்ய, அடங்கியிருந்த பகை தலையெடுக்கின்றது.

இதனை அறிவது எங்ஙனம்? பகலிலே கண்மூடியிருத்தல், கண் குழிவிழல், இரையில் விருப்பின்மை, வாலடி மெலிதல், நாற்றமுடைய இளகிய எச்சம் என்பன அறிகுறிகள். எனினும் இவை ஐயத்தை எழுப்புமேயன்றிப் பகையின் பெயரைச் சொல்லா. நீர் குறைந்தாலும் கண் குழியும். பெயரைச் சொல்வது நுணுக்குக்காட்டி. புதிய எச்சத்தைக் காயவிடாது சிறு புட்டியிலிட்டு, குளிரிலே வைத்து, 24 மணி நேரத்துள் மிருக வைத்தியரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். அவர் அதனை அடர்ந்த உப்புக் கரைசலிற் கலக்குவார். புழுக்களின் முட்டைகளும், கொக்சிடியா என்னும் ஓரணு உயிரின் வித்துறைகளும் மேலே மிதந்து கண்ணாடித் தகட்டில் ஒட்டும். இவை நாள்தோறும் வெளிவருவன அல்ல. ஆகவே ஒருமுறை காணாமை, இல்லாமைக்குச் சான்றாகாது.

மடகாஸ்கர்க் காடுகளிற் பிடிக்கப்பட்டவற்றிலே வேறோர் இடரும் உண்டு. நுளம்புகள் பரப்பும் இழைப்புழுக்கள் தோலின்கீழ் நூல்போற் சுருண்டு கிடக்கும். அவற்றின் இளம்புழுக்கள் குருதியில் உலாவுவன, எச்சத்திற் காணப்படா. அவற்றை அறியக் குருதியையே சோதித்தல் வேண்டும்.

பகையின் பெயர் தெரிந்த பின்னரே மருந்து. உருளைப்புழுக்களுக்குப் பென்பெண்டசோல், கொக்சிடியாவுக்குச் சல்பா மருந்துகள் அல்லது பொனசூரில், குடலில் நீந்தும் வேறு சில ஓரணு உயிர்களுக்கு மெற்றோனிடசோல். வளர்ந்த ஆண் சிறுத்தைப் பச்சோந்தியே ஏறத்தாழ 150 கிராம் நிறைதான். அதனை நிறுத்துப் பாராமல் மருந்தூட்டுதல் நஞ்சூட்டுதலாய் முடியலாம். ஐவர்மெக்றின் மாந்தரின் புழுநோய்கள் சிலவற்றைத் தீர்த்து, தன்னைக் கண்டறிந்தோருக்கு 2015இல் நோபல் பரிசு ஈட்டித் தந்தது. அதுவே ஆமைகளைக் கொல்ல வல்லது. நீர் வற்றிய உடலுக்கு நீரூட்டிய பின்னரே மருந்தூட்டுவர். பல புழுக்கள் ஒருங்கே மடியின் அவற்றின் பிணங்களே ஊறு செய்யுமாதலின், தோலடிப் புழுக்களைச் சிறு கீறலால் வெளியெடுப்பதும் உண்டு. ஊசிப்புழுக்கள் சிறு தொகையில் இருப்பின், மருந்தின்றி விட்டுவிடுதலும் உண்டு.

மருந்தினும் பெரிது தூய்மை. கொக்சிடியாவின் வித்துறைகள் வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அஞ்சா, கொதிநீராவிக்கே அழியும். ஆனால், வெளிவந்தவுடன் அவை தொற்றுவதில்லை. முதிர்வதற்குக் காலம் வேண்டும். ஆகவே எச்சத்தை அன்றன்றே அகற்றுவோன் பகையின் சுழற்சியை அறுத்தவனாவான். புதிதாய் வந்ததைத் தனியே வைத்துச் சோதித்தலும், மருந்துக்குப் பின் மீண்டும் சோதித்தலும் இன்றியமையாதன.

காட்டிலே பச்சோந்தியைக் காத்தது அதன் பரந்த உலகம். அவ்வுலகைப் பறித்துக் கூட்டில் அடைத்தவன், அது வாய்திறந்து சொல்லாத நோயைத் தேடி அறியும் கடமையையும் ஏற்றவனாவான். நமது வறண்ட வலயத்துப் பச்சோந்திக்குச் சட்டம் காவல். அதனைக் கிளையிலேயே விட்டுக் கண்டு மகிழ்வோமாக.