இடையில் நின்ற கங்காணியா, இறங்கி வந்த இறைவனா?



லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனை நோக்கிச் செல்லும் பாதையோரத்து லயங்களில் ஏதேனும் ஒரு காம்பராவிற்குள் நுழைந்து, எதிர்ச்சுவரைப் பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பம் வாழும் காம்பராவெனில், திரு இருதய ஆண்டவரின் படம் நடுவிலும், வேளாங்கண்ணி அன்னையும் புனித அந்தோனியாரும் இருபுறங்களிலும் இருப்பார்கள். அடுத்த காம்பராவில் இந்துக் குடும்பம் ஒன்று வாழக்கூடும். அங்கே பிள்ளையார், முருகன், மாரியம்மன் என்னும் வரிசையில் இயேசுவின் படமும் இடம்பெற்றிருப்பதைப் பல வேளைகளில் காணலாம். அப்படத்திற்கும் பூ உண்டு, விளக்கு உண்டு, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் உண்டு.

இரண்டு வீடுகளுக்கும் மாறி மாறி ஓடி விளையாடும் உங்கள் பிள்ளை ஒருநாள் உங்களைக் கேட்கக்கூடும். "பக்கத்து வீட்டு மாமாவும் இயேசுவைக் கும்பிடுகிறாரே, அவருக்கு அவர் ஒரு சாமி, நமக்கும் அவர் சாமி. பிறகு நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?"

இக்கேள்விக்குச் சினம் கொண்டு பதிலளிக்க வேண்டியதில்லை. அயலவர் அப்படத்தை வைத்திருப்பது அன்பினால். அந்த அன்பை ஏளனம் செய்வதற்கு நமக்கு உரிமையில்லை. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டு அக்டோபர் 28 இல் வெளியிட்ட ஏட்டில் தெளிவாகவே எடுத்துரைத்தது. ஆயினும், பிள்ளையின் கேள்வி அத்தோடு முடிந்துவிடுவதில்லை. இயேசு பலருள் ஒருவரா? பலருக்கும் மேலான ஒருவரா? அல்லது அவரே கடவுளா? இம்மூன்றும் ஒன்றல்ல. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிடையே மிகப் பலர். திருச்சபையைப் பிளந்துவிடும் அளவுக்குக் கொந்தளிப்பை ஏற்படுத்தியதும் இந்த வேறுபாடே.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்னும் குரு போதித்து வந்தார். அவர் இயேசுவை இகழ்ந்தவர் அல்லர். மிக உயர்வாகவே பேசினார். படைப்புகள் அனைத்திற்கும் முந்தியவர், அனைத்திற்கும் மேலானவர், வானதூதரினும் உயர்ந்தவர் என்றெல்லாம் போற்றினார். ஆனால், அவரும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்றார். தம் கருத்தைப் பாட்டுகளாக்கி, கப்பலோட்டிகளும் மாவரைப்போரும் வழிப்போக்கரும் பாடுமாறு பரப்பினார் என்று பழைய வரலாற்று நூலொன்று கூறுகிறது. வேலை செய்யும் மக்களின் வாயில் ஒரு பாட்டு ஏறிவிட்டால் அதை இறக்குவது எளிதன்று என்பதை மலையகத்தாருக்குச் சொல்ல வேண்டுமா?

கி.பி. 325 ஆம் ஆண்டு, கொன்ஸ்தந்தீன் பேரரசரின் அழைப்பின் பேரில், இன்று துருக்கியில் இஸ்னிக் என வழங்கும் நீசேயா நகரில் ஆயர்கள் கூடினார்கள். மரபு அவர்களின் தொகையை 318 எனக் கூறும். அலெக்சாந்திரியாவின் ஆயருக்குத் துணையாக வந்திருந்த அத்தனாசியுஸ் அப்போது ஒரு தியாக்கோன் மட்டுமே. மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று சங்கம் அறிக்கையிட்டது. ஞாயிறு திருப்பலியில் நாம் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் வேர் அதுவே. 381 ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கம் அதனை விரிவாக்கியது.

இது பேரரசர் ஒருவரின் சூழ்ச்சி என்றும், அதுவரை மனிதராகக் கருதப்பட்டவரை வாக்கெடுப்பு நடத்திக் கடவுளாக்கினார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. 'டாவின்சி கோட்' என்னும் நாவல் 2003 ஆம் ஆண்டு அதைப் பெரிதாகப் பரப்பியது. 2006 இல் வந்த அதன் திரைப்படம் இலங்கையில் தடைசெய்யப்பட்டதும் உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். படத்தைத் தடுத்துவிட்டால் கேள்வி மறைந்துவிடுமா? மறையாது. பதிலே தேவை, பதிலும் உண்டு. நீசேயாவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 112 ஆம் ஆண்டளவில், பிளினி என்னும் உரோமை ஆளுநர், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். இவர் நமது நண்பர் அல்லர். நம்மை விசாரித்துத் தண்டித்தவர். அவர் நமக்காகப் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டிய தேவை என்ன?

இன்னொரு சான்று இஸ்ரயேலின் மெகிதோவில் உள்ள சிறைச்சாலை வளாகத்தில் 2005 ஆம் ஆண்டு அகழ்ந்தபோது வெளிப்பட்டது. 230 ஆம் ஆண்டளவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவத் தொழுகைக் கூடத்தின் கற்பதிப்புத் தளத்தில், ஆகெப்தூஸ் என்னும் பெண் அக்கூடத்திற்கு ஒரு மேசையை அன்பளித்த செய்தி கிரேக்கத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அம்மேசையை அவள் யாருக்கு அர்ப்பணித்தாள் தெரியுமா? இயேசு கிறிஸ்துவுக்கு, அதுவும் அவரைக் கடவுள் என்றே பெயரிட்டு. நீசேயாவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், இறையியல் சங்கம் எதிலும் அமராத ஒரு பெண் செய்த அறிக்கை இது. தோட்டத்துச் சிற்றாலயங்களில் குத்துவிளக்கையும் பீடத்துணியையும் வாங்கித் தந்துவிட்டு அமைதியாகப் பின்வரிசையில் அமரும் தாய்மார் அவளை அறிந்துகொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆரியுஸின் தரப்பினரும் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாதாடினர். இன்றும் உங்கள் வாசலில் நின்று, தந்தை தம்மிலும் பெரியவர் என்று இயேசு கூறிய இடத்தைத் (யோவா 14:28) திறந்து காட்டுவோரை நீங்கள் சந்தித்திருக்கலாம். மனிதரான நிலையில், தம்மைத் தாழ்த்திய நிலையில் அவர் சொன்னது அது. அதே அதிகாரத்தில், தம்மைக் கண்டவர் தந்தையையே கண்டுவிட்டார் என்று பிலிப்புவிடம் கூறியவரும் அவரே (14:9). படைப்பனைத்திலும் தலைப்பேறு என்று புனித பவுல் அவரை அழைப்பதைச் (கொலோ 1:15) சுட்டி, அவரும் படைப்புகளுள் முதலாவதுதான் என்பார்கள். நம் ஊரில் தலைச்சன் பிள்ளை என்றால் வரிசையில் முதலாவது என்பது மட்டுமா பொருள்? குடும்பத்தின் உரிமையும் பொறுப்பும் அவனிடத்தில் அல்லவா? பவுல் அடுத்த வசனத்திலேயே, யாவும் அவர் வழியாகப் படைக்கப்பட்டன என்கிறார். படைப்பனைத்தும் எவர் வழியாக வந்ததோ, அவர் எவ்வாறு அப்படைப்பின் ஒரு பகுதியாவார்?

இப்போது நம் தோட்டத்து வரலாற்றுக்கு வருவோம். நம் பாட்டன்மார் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார், மாத்தளை வழியாக நடந்து வந்தபோது, அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. முன்பணம் கொடுத்தவர் அவர். கடனைக் கணக்கில் ஏற்றியவர் அவர். துரையிடம் பேசியவரும் அவரே. கடன் குறிக்கப்பட்ட துண்டு கையில் இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்திற்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை எத்தனையோ தொழிலாளர்களுக்குத் துரையின் முகம் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம் கங்காணியை. துரையின் மனதில் என்ன இருக்கிறது என்பதைக் கங்காணி சொல்வதை வைத்தே நம்ப வேண்டியிருந்தது.

ஆரியுஸ் வணங்கிய இயேசு இத்தகைய ஒரு கங்காணியே என்றால் தவறாகாது. மேலே எவரும் அணுக முடியாத கடவுள், கீழே நாம், இடையில், நம்மைவிட உயர்ந்தவர் எனினும் கடவுள் அல்லாத ஒருவர். நல்ல கங்காணியாகவே இருக்கட்டும். அவர் பாடுபட்டாலும் பங்களாவில் இருப்பவர் பாடுபடவில்லையே! அவர் மன்னித்தாலும் அந்த மன்னிப்பு மேலிடத்தில் செல்லுமா என்ற ஐயம் நீங்காதே! பாவங்களை மன்னிக்கக் கடவுள் ஒருவரைத் தவிர யாரால் இயலும் என்று மறைநூல் அறிஞர் கேட்டது (மாற் 2:7) மிகச் சரியான கேள்வியே. பதிலைத்தான் அவர்கள் தவறவிட்டார்கள்.

கடவுளுக்கும் மனிதருக்கும் இணைப்பாளர் ஒருவரே என்று பவுலும் எழுதியிருக்கிறாரே (1 திமொ 2:5) என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆயினும், இரு தரப்புக்கும் அந்நியரான மூன்றாம் ஆளாக அவர் நடுவில் நிற்கவில்லை. முழுக் கடவுளாகவும் முழு மனிதராகவும் இரு கரைகளையும் தம் ஒருவரிலேயே சேர்த்துக்கொண்டார். அத்தனாசியுஸ் வாழ்நாள் முழுவதும் விடாமல் பற்றிக்கொண்டது இதையே. 328 இல் ஆயரான அவர் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். தம் ஆயர் பணிக்காலத்தில் ஏறக்குறைய 17 ஆண்டுகளைத் தலைமறைவிலும் அந்நிய மண்ணிலும் கழித்தார். சொல்லொன்றை விட்டுக்கொடுத்திருந்தால் நிம்மதியாக அரண்மனை விருந்துகளில் அமர்ந்திருக்கலாம்.

இங்கே நம்மவரின் ஒரு பழக்கத்தையும் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. "அந்தோனியாரிடம் கேட்டால் உடனே கிடைக்கும், ஆண்டவர் பெரியவர், அவரிடம் நேரே போக முடியுமா?" என்று சொல்வோர் உண்டு. புனிதரின் பரிந்துரையை நாடுவது திருச்சபையின் மரபு, அதில் பிழையில்லை. ஆனால், ஆண்டவர் பங்களாவில் இருக்கிறார், அந்தோனியார் மடுவத்தருகே நிற்கிறார் என்ற எண்ணத்தோடு செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றினால், ஆரியுஸின் பழைய பாட்டை நாமும் அறியாமலே முணுமுணுக்கிறோம்.

இலங்கையிலும் இக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்ததுண்டு. அமலமரித் தியாகிகள் சபையின் குருவும் இறையியலாளருமான திஸ்ஸ பாலசூரிய அடிகளார், பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் நிறைந்த நாட்டில் கிறிஸ்தவ நம்பிக்கையை எவ்வாறு விளக்குவது என்று ஆராய்ந்தவர். அன்னை மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி 1990 இல் அவர் எழுதிய நூல், கிறிஸ்துவைப் பற்றிய கோட்பாட்டைத் தளர்த்துகிறது என்பது உட்பட்ட காரணங்களுக்காக, 1997 சனவரியில் அவர் திருச்சபை உறவிலிருந்து விலக்கப்பட்டார். மறு ஆண்டு சனவரியில் அத்தண்டனை நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள், 2000 ஆம் ஆண்டு, இயேசுவின் தனித்துவ மீட்புப் பணியை வலியுறுத்தும் 'தோமினுஸ் இயேசுஸ்' என்னும் அறிக்கை வத்திக்கானிலிருந்து வெளிவந்தது. அடிகளாரின் முடிவுகளைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால், அவரைத் தூங்கவிடாத கேள்வி லயத்தின் ஒவ்வொரு சுவரிலும் தொங்குகிறது என்பதை மறுக்க முடியாது.

2025 ஆம் ஆண்டு நீசேயா சங்கத்தின் 1700 ஆவது ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு நவம்பர் 28 அன்று, திருத்தந்தை 14 ஆம் லியோவும் கொன்ஸ்தாந்திநோப்பிளின் முதுமுதல்வர் பர்த்தலமேயுவும், இஸ்னிக் ஏரிக்கரையில் பழைய தேவாலயத்தின் அடித்தளங்களுக்கு அருகே நின்று அப்பிரமாணத்தை ஒன்றாகச் சொன்னார்கள்.

அதே நவம்பர் 28 ஐ மலையகம் வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. டித்வா புயல் இலங்கையைத் தாக்கிய நாள் அது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மின்சாரம் அற்றுப்போன இரவுகளில், மறந்துபோன குப்பி விளக்குகள் மீண்டும் வெளியே வந்தன. காற்றையும் கடலையும் ஒரு சொல்லால் அடக்கியவர் (மாற் 4:39) அன்று எங்கே இருந்தார் என்று கேட்டவர்களை நாம் கடிந்துகொள்ளலாகாது. படகிலிருந்த சீடர்களும் அதைத்தான் கேட்டார்கள். நாங்கள் சாகப்போவது பற்றி உமக்குக் கவலையில்லையா என்ற பொருள்படவே அவரை எழுப்பினார்கள்.

அந்தக் காற்று ஏன் அடக்கப்படவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதுபோல் மண்ணுக்குள் பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன் பேசுவதும் பாவம். ஆனால், ஒன்றைச் சொல்லலாம். இயேசு கடவுள் அல்லர் எனில், கடவுள் பாடுபட்டதில்லை. வேறொருவரை அனுப்பிவிட்டு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்றாகும். இயேசு கடவுளே எனில், மூச்சுத் திணறி இறப்பது என்னவென்று கடவுளுக்குத் தெரியும். புதைக்கப்படுவது என்னவென்றும் தெரியும். உயிர்த்தெழுந்த பின்பும் அவர் காயங்களை மறைக்கவில்லை. அக்காயங்களைக் கண்டுதான் தோமா அவரைத் தம் ஆண்டவரென்றும் தம் கடவுளென்றும் அறிக்கையிட்டார் (யோவா 20:28). நற்செய்தியில் இயேசுவை நேருக்கு நேர் கடவுளென அழைத்தவர், மரபின்படி நம் தமிழ் மண்ணில் இரத்தம் சிந்திய அதே தோமாவே.

ஆகவே, பிள்ளை கேட்டால் குப்பி விளக்கை எடுத்துக் காட்டுங்கள். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றுங்கள். முதல் விளக்கின் சுடர் குறைந்ததா? இரண்டாவது வேறு வகை நெருப்பா? தந்தையிடமிருந்து மகன் உதித்ததை ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களும் இவ்வாறே விளக்கினார்கள். பக்கத்து வீட்டு மாமாவின் படத்தைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் வேண்டாம். நாம் அந்தப் படத்தில் இருப்பவரை வரிசையில் ஒருவராக வைக்காததற்குக் காரணம், வரிசை முழுவதையும் படைத்தவர் அவரே என்று நம்புவதுதான் என்று சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு விசுவாசப் பிரமாணம் சொல்லப்படும்போது பிள்ளையை உங்கள் அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் மனிதரானார் என்று அறிக்கையிடும் இடத்தில் அனைவரும் தலைவணங்க வேண்டும் என்பது திருவழிபாட்டு விதி. கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25 அன்றும் அவ்விடத்தில் முழந்தாளிடுகிறோம். அவசரத்தில் பலர் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் வணங்குங்கள், ஏன் என்று பிள்ளை கேட்கட்டும்.